ஏற்காடு மலையிறங்கினால் பிரேக் கீச்சிடுவது ஏன்?

கேள்வி: சேலம் – ஏற்காடு இடையே ஏழு பேர் அமரும் டீசல் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறேன். போன மாதம் முன் சக்கர பிரேக் பேடுகளை மாற்றினோம். இரண்டே வாரத்தில் கீச்சென்று சத்தம் ஆரம்பித்தது. அதிகாலையில் ஏற்காட்டில் வண்டியை எடுக்கும்போதும், மலையிறங்கி அடிவாரம் செக்போஸ்டில் மெதுவாக நிறுத்தும்போதும் அதிகம். இப்போது நாலுவழிச் சாலையில் 80-ல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங்கும் ஆடுகிறது. மெக்கானிக் பேடைக் கழற்றி எமரி தாளில் தேய்த்துப் போட்டார். பத்து நாள் சும்மா இருந்தது, மறுபடி சத்தம். செராமிக் பேடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். பேடின் டிசைனிலேயே கோளாறா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: செராமிக் பேடுக்குப் பணம் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. கீச் சத்தம் ஒன்று, ஸ்டீயரிங் ஆட்டம் இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. மலையிறக்கத்துச் சூடு மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

காதைக் குத்தும் கீச் சத்தம் 1,000 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வு என்ற கணக்கில், எங்கே வேண்டுமானாலும் இருக்கும். ஸ்டீயரிங் ஆட்டம் மிகத் தாழ்ந்த அதிர்வு. உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருளும். 80 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 22 மீட்டர், அதாவது விநாடிக்கு 11 சுற்று. டிஸ்க்கில் ஓரிடம் மட்டும் தடித்திருந்தால் ஸ்டீயரிங் விநாடிக்கு 11 முறை உதறும், எதிரெதிரே இரண்டு இடம் தடித்திருந்தால் 22 முறை. இந்த ஆட்டம் எந்தப் பேடைப் போட்டாலும் தானாகப் போகாது. டிஸ்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கீச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

பேடு தேய்கிற சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நம் காதில் விழுவது டிஸ்க்கின் சத்தம். வார்ப்பிரும்பு டிஸ்க்கைக் கழற்றி விரல் நுனியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினால் மணி போல ஒலிக்கும். அது டிஸ்க்கின் சொந்த அதிர்வெண். பேடுக்கும், அதைப் பிடித்திருக்கும் காலிப்பருக்கும் இதே போல் சொந்த அதிர்வெண்கள் உண்டு. இவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று மிக அருகில் வந்துவிட்டால், உராய்வு விசை அந்த இரண்டையும் கோத்துவிடுகிறது. வண்டியின் ஓட்ட சக்தியில் ஒரு சிறு துளி, ஒவ்வொரு அதிர்விலும் அடுத்த அதிர்வைப் பெரிதாக்கப் போகிறது. அதுதான் கீச்.

மெதுவாக நிறுத்தும்போதுதான் அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதனுடன் பொருந்துகிறது. பல பேடு கலவைகளில் வேகம் குறையக் குறைய உராய்வு கூடும். லேசாக மிதிக்கையில் பேடின் முகம் முழுவதும் டிஸ்க்கில் படிவதில்லை, ஓர் ஓரம் மட்டும் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் சத்தத்துக்கு வழி திறந்துவிடுகிறது.

எமரி தாள் பத்து நாள் வேலை செய்ததன் காரணமும் இங்கேதான். சூட்டில் பேடின் மேல் ஒரு பளபளப்பான ஏடு படியும். தேய்த்தால் அந்த ஏடு போகும், பேடு டிஸ்க்கில் படியும் விதம் கொஞ்ச நாளைக்கு மாறும். ஏடு திரும்பப் படிந்ததும் பழைய கதை. அதிர்வெண்கள் எதையும் எமரி தாள் மாற்றுவதில்லை. விலை மலிந்த பழைய ரகப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே பேடை உலர்வாகத் தேய்ப்பதையும், பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதையும் மெக்கானிக் நிறுத்திவிடுவது அவர் நுரையீரலுக்கு நல்லது. பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அதிகாலைச் சத்தத்தைத் தனியாக வைத்துவிடலாம். ஏற்காட்டுப் பனியில் ஒரு ராத்திரி நின்றாலே டிஸ்க்கில் மெல்லிய துரு படரும். அது உராய்வைக் கூட்டும். நாலைந்து முறை மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால் அது கோளாறே அல்ல, செலவு செய்யாதீர்கள்.

பேடைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பேடு டிசைன் செய்பவர்கள் சத்தத்தை அடக்கச் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிபவைதான். பேடைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அடியில் 5 முதல் 6 மி.மீ. எஃகுத் தகடு. அதன் மேல் உராயும் பொருள், புதிதில் 10 மி.மீ. சுற்றி இருக்கும். இரண்டுக்கும் நடுவே நிறம் சற்று மாறிய 2 மி.மீ. அடுக்கு ஒன்று தெரிந்தால் அது அடிப்படலம். தகட்டோடு ஒட்டிப் பிடிப்பதும், பேடைத் தள்ளும் பிஸ்டனுக்குச் சூடு போவதைத் தடுப்பதும், அதிர்வைக் கொஞ்சம் விழுங்குவதும் அதன் வேலை. மலிவுப் பேடுகளில் முதலில் காணாமல் போவது இதுதான்.

உராயும் பொருளின் இரண்டு முனைகளும் சரிவாகச் சீவப்பட்டிருக்கிறதா? டிஸ்க் சுழன்று வந்து முதலில் முட்டும் முனை கூர்மையாக இருந்தால் அது டிஸ்க்கைக் கொத்தும். சீவிவிட்டால் அழுத்தம் பிஸ்டனுக்கு நேர் கீழே, நடுவில் விழும். பல பேடுகளில் சீவல் 3 மி.மீ. ஆழத்துக்கு மட்டுமே இருக்கும். பேடு அந்த 3 மி.மீ. தேய்ந்ததும் சீவலும் மறைந்துவிடும், பாதி ஆயுளில் திடீரென்று கீச்சிட ஆரம்பிக்கும். வாங்கும்போதே சீவல் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். தகடு வரை இறங்கியிருப்பது உத்தமம். அதற்காக அளவுக்கு மேல் சீவியிருந்தால் பரப்பு குறைந்து பேடு சீக்கிரம் தேயும்.

நடுவில் வெட்டியிருக்கும் பள்ளம் பேடின் வளையும் தன்மையை மாற்றி, அதன் அதிர்வெண்ணை டிஸ்க்கின் அதிர்வெண்ணிலிருந்து தள்ளி வைக்கிறது. தூசியும் சூட்டில் கிளம்பும் வாயுவும் வெளியேற அதுவே வழி. பள்ளம் இல்லாத பேடில் ஹேக்ஸா பிளேடால் கீறல் போடும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம், அந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும். முனைகளில் சீவலே இல்லையென்றால் அரத்தால் இரண்டு பக்கமும் சமமாக 2 மி.மீ. மட்டும் ஓரம் எடுக்கலாம், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

இப்போது தகட்டின் முதுகைத் திருப்புங்கள். அங்கே இருக்க வேண்டியது ஷிம். உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். நல்ல ஷிம் ஒற்றைத் தகடு கிடையாது. இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள், நடுவே ரப்பர் போன்ற பிசுபிசுப்பான படலம், மொத்தமே ஒரு மில்லிமீட்டருக்குள். பேடு அதிரும்போது நடுப்படலம் இப்படியும் அப்படியும் இழுபட்டு அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். இந்தப் படலம் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரம்புக்குள்தான் நன்றாக வேலை செய்யும். அதைத் தாண்டினால் இளகிவிடும், அடக்கும் திறன் போய்விடும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குப் போதுமான ஷிம், 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்து நிற்கும் வண்டிக்குப் போதாமல் போவது இதனால்தான். செக்போஸ்டில் உங்கள் ஷிம் தன் சூடான நிலையில் இருக்கிறது. உங்கள் பழைய பேடில் ஷிம் இருந்து புதியதில் இல்லாமலும் இருக்கலாம். கழற்றும்போது அதைத் தூக்கிப் போட்டுவிடுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அதற்காக இரண்டு ஷிம்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சொருகாதீர்கள். பெடல் பஞ்சு போலாகும், காலிப்பருக்குள் இடைவெளி இல்லாமல் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதது கலவை. ஃபீனாலிக் ரெசின்தான் எல்லாவற்றையும் பிணைக்கும் பசை. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து செய்யும் பொடி அதிர்வை அடக்கும், ரெசினின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும். கிராஃபைட் வழுக்கலுக்கு, பாரைட் நிரப்புவதற்கு, அராமிட் இழையும் எஃகு இழையும் வலுவுக்கு. அலுமினாவும் ஸிர்கானும் கடிக்கும் துகள்கள். மக்னீசியம் ஆக்சைடு, அதாவது நம் சேலத்து மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் பொருள், மிதமாகக் கடிக்கும் துகளாகப் பல கலவைகளில் சேர்கிறது. கடிக்கும் துகள் கூடினால் பிடி கூடும், சத்தமும் கூடும். கலவை மெத்தென்று அமுங்கினால் சத்தம் குறையும், பெடல் உறுதி போகும். டிசைன் என்பது இந்த இழுபறிக்கு நடுவே ஒரு புள்ளியைப் பிடிப்பதுதான்.

அந்தப் புள்ளி ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. வாகன நிறுவனங்கள் ஒரு பேடை ஏற்கும் முன், அதே வண்டியின் காலிப்பர், டிஸ்க்கோடு டைனமோமீட்டர் என்ற சோதனை இயந்திரத்தில் பூட்டி, எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2521 போன்ற சோதனை முறைப்படி வெவ்வேறு சூட்டிலும் அழுத்தத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பிரேக் போட்டு, 70 டெசிபலைத் தாண்டும் சத்தங்களை எண்ணுகிறார்கள். அளவு மட்டும் ஒத்துப்போகும் வேறொரு பேடு நல்ல பேடாகவே இருக்கலாம். உங்கள் டிஸ்க்கோடு அதைச் சேர்த்து யாரும் சோதித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

செராமிக் போடலாமா?

செராமிக் என்று அட்டைப்பெட்டியில் அச்சிடுவதற்குக் கறாரான வரையறை எதுவும் கிடையாது. பெரும்பாலும் அது எஃகு இழை இல்லாத கரிமக் கலவையில் செராமிக் இழையோ துகளோ சேர்த்தது. அமைதியானது, சக்கரத்தில் தூசி குறைவு. தரமான ரகம் மலையையும் தாங்கும். தரம் குறைந்த ரகம் சமவெளியில் சத்தமில்லாமல் ஓடி, நீண்ட இறக்கத்தில் பிடியை விட்டுவிடும். எஃகு இழை அதிகமுள்ள செமி மெட்டாலிக் ரகம் சூட்டைத் தாங்கும், ஆனால் கத்தும், டிஸ்க்கையும் தின்னும்.

உங்கள் பாதைக்கு என்ன வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆட்களோடு உங்கள் வண்டி 2,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை உயர வித்தியாசம் சுமார் 1,100 மீட்டர். இறங்கி முடிப்பதற்குள் கழிக்க வேண்டிய சக்தி 25 மெகா ஜூலை நெருங்குகிறது. 30 டிகிரியில் இருக்கும் 85 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் எடுக்கிறதா, பேடு எடுக்கிறதா என்பது உங்கள் கியரைப் பொறுத்தது. மூன்றாவது கியரில் பெடலை லேசாக மிதித்தபடியே இறங்கினால் முன் டிஸ்க்குகள் 300 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கேதான் ரெசின் சிதையத் தொடங்குகிறது. சத்தத்தை நிறுத்தப் போய்ப் பிரேக்கை இழந்துவிடக் கூடாது. மலை வண்டிக்குப் பேடு தேர்ந்தெடுக்கும்போது முதலில் சூடு தாங்கும் பிடி, அதன் பிறகுதான் சத்தம்.

அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. பல பேடுகளின் ஓரத்தில் அல்லது தகட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் குறியீட்டு வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எஸ்ஏஇ ஜே866 முறைப்படி முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வெண், இரண்டாவது அதிகச் சூட்டில். இ (E) என்றால் 0.25 முதல் 0.35, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45, ஜி (G) என்றால் 0.45 முதல் 0.55. எஃப்எஃப் இருந்தால் சூட்டிலும் பிடி அதே வரம்புக்குள் நிற்கிறது என்று பொருள். எஃப்இ என்றால் சூட்டில் இறங்குகிறது, ஏற்காட்டுக்கு வேண்டாம். ஜிஜி என்று பார்த்துப் பாய்ந்து வாங்கவும் தேவையில்லை, உராய்வு கூடினால் கீச்சிடும் வாய்ப்பும் கூடும். ஒரு சிறிய துண்டை வைத்துச் செய்யும் சோதனையின் முடிவு இது. தேய்மானத்தையும் சத்தத்தையும் பற்றி இது எதுவும் சொல்லாது.

ஸ்டீயரிங் ஆட்டம்

டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது, கனம் சீரற்றுப் போயிருக்கும். மலையிறங்கிச் சூடான டிஸ்க்கோடு செக்போஸ்டில் பெடலை அழுத்திப் பிடித்து நிற்கிறீர்கள். பேடு ஒரே இடத்தில் கவ்வி நிற்க, சூட்டில் இளகிய கலவை அந்த இடத்தில் டிஸ்க்கின் மேல் ஒட்டிக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் பேடின் வடிவிலேயே கருநீலத் திட்டு தெரியும். அந்த இடத்தில் பிடி மாறும், சூடு கூடும், நாளடைவில் தேய்மானமும் மாறும். 15 மைக்ரான் வித்தியாசமே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கே, ஸ்டீயரிங்கில் தெரிய ஆரம்பித்துவிடும்.

மெக்கானிக்கிடம் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரும், ஆட்டம் அளக்கும் டயல் கேஜும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவை இருக்கும் இடத்துக்குப் போங்கள், கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடியது இல்லை இது. டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் எட்டு இடங்களில் கனம் அளக்க வேண்டும். வித்தியாசம் 0.015 மி.மீ.க்கு மேல் இருந்தால் டிஸ்க்கை லேத்தில் பிடித்து இரு முகமும் மெலிதாகச் சீவலாம். சீவிய பிறகும் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்தக் கனத்துக்குக் கீழே போகும் என்றால் புது டிஸ்க்தான், இரண்டு பக்கமும் சேர்த்து. திட்டு மட்டும் இருந்து கனம் சரியாக இருந்தால் புதுப் பேடும், அதை டிஸ்க்கோடு நிதானமாகப் பழக்குவதும் (முறையைக் கீழே சொல்கிறேன்) போதும்.

அடுத்தது பக்கவாட்டு ஆட்டம். டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று ஆக்கிவிட்டு மாட்டி, எல்லா நட்டுகளையும் போட்டு இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்ற வேண்டும். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் டிஸ்க்கை ஹப்பில் ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டிப் பார்த்தாலே பல நேரம் குறைந்துவிடும். சக்கர நட்டுகளை நியூமேடிக் கன்னால் கண்டபடி இறுக்கினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். எதிரெதிர் வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால், உங்கள் வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

மறுபடி பொருத்தும்போது

நான் பார்க்கச் சொல்லும் இடங்கள் பேடைவிட மலிவானவை. காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் இரண்டு ஸ்லைடு பின்களும் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் பேடு சாய்வாகத் தேயும். பழைய பேடின் இரண்டு முனைகளிலும் கனத்தை அளந்தால் அது உடனே தெரிந்துவிடும். பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதிக்கொள்ளும், பின் இறுகும். பேடுத் தகட்டின் இரு முனை நீட்சிகளான காதுகள் உட்காரும் கிளிப்புகளைக் கழற்றி அடியில் இருக்கும் துருவைச் சுரண்டிவிட்டு, முடிந்தால் கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். பேடு கையால் தள்ளினால் நகர வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது. அதிகச் சூடு தாங்கும் பிரேக் பேஸ்ட்டைக் காதுகளிலும், பிஸ்டன் தொடும் இடத்தில் ஷிம்மின் முதுகிலும் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். உராயும் முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது.

உள்பேடு, வெளிபேடு, இடம், வலம் மாறாமல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரு முனையில் மட்டும் அதிகம் சீவிய பேடைத் திருப்பி மாட்டினால் டிசைனர் செய்த வேலை முழுக்க வீண். தேய்மான எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசினாலும் கீச்சிடும், ஆனால் அந்தச் சத்தம் பெரும்பாலும் பிரேக் மிதிக்காதபோதும் கேட்கும்.

புதுப் பேடை நேராக மலைப்பாதைக்குக் கொண்டு போகாதீர்கள். ஓமலூர்ப் பக்கம் போக்குவரத்து குறைந்த அதிகாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, 60-லிருந்து 20-க்கு மிதமாக மிதித்து இறக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓடவிட்டு மறுபடி, இப்படி 20 முறை. அதன் பின் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் சீரான சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் பழகிவிட்டது.

இறங்கும்போது இரண்டாவது கியர். வளைவுக்கு முன் அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிடுங்கள். நியூட்ரலில் இறக்குவது உயிருக்கே ஆபத்து. செக்போஸ்டில் நின்றதும் கைபிரேக் போட்டுப் பெடலிலிருந்து காலை எடுங்கள், கைபிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். இறங்கியவுடன் சூடான டிஸ்க்கில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம், அரைமணி நேரம் போகட்டும்.

பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். டாட் 3 என்ற தர ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி. ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. ஏற்காட்டு ஈரத்தில் நிற்கும் வண்டிக்கு, கையேடு அனுமதித்தால் டாட் 4 நல்லது. இறக்கத்தில் பெடல் என்றைக்காவது வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, கருகிய நாற்றம் வந்தாலோ, ஓரமாக நிறுத்தி டயருக்குக் கல் வைத்து ஆறவிட்ட பிறகுதான் மேற்கொண்டு நகர வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் கீச் போகவில்லையென்றால் பேடை மாற்றுங்கள். உங்கள் வண்டி மாடலுக்கான நிறுவனப் பேடு அல்லது அதற்கு இணையான தரத்தில், அடிப்படலமும் பல அடுக்கு ஷிம்மும் கிளிப்புகளும் சேர்ந்த பெட்டி, எஃப்எஃப் குறியீட்டோடு. இப்போதைய பேடைத் திருப்பிக் கொடுக்க நினைத்தால், கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, சத்தம் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பதியச் சொல்லுங்கள். எத்தனை ஹெர்ட்ஸில் உச்சம், எவ்வளவு வேகம், குளிர்ந்த நிலையா சூடான நிலையா, இவற்றோடு தகட்டில் இருக்கும் தொகுப்பு எண்ணையும் எழுதிக் கொடுத்தால், பேடு நிறுவனத்தின் பொறியாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.